மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகுது: கிணத்தடி மோட்டருக்குப் போற நிலக்கேபிள்

உரும்பிராய் வளவு:
வணக்கம், உதவி வேணும். வீட்டு போர்ட்டிலயிருந்து கிணத்தடி மோட்டருக்கு 65 மீற்றர். 2.5 எம்எம் மூண்டு கோர் சாதாரண பிவிசி வயர், முக்கால் இஞ்சி தண்ணிப் பைப்புக்குள்ளால போகுது. கீழ கல்லு எண்டபடியால் ஒரு அடி ஆழம்கூட இல்லை. நடுவில பூவரசு வேலியடியில ஒரு ஜொயின்ற், ரேப் சுத்தினது. மோட்டர் 1 எச்பி.

மாரி துடங்கினதிலயிருந்து 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சால் லைனை வெட்டுறது) விழுகுது. மோட்டர் பிரேக்கரை ஓஃப் பண்ணி வச்சாலும் விழுகுது. அதுவும் ரைஸ் குக்கர், அயன் போடேக்கதான் கூட. ரெண்டு நாள் வெயில் எறிச்சால் சரி. வயரை முழுக்கக் கிண்டி எடுக்கோணுமோ? அதுவரைக்கும் ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரா லைன் குடுக்கலாமெண்டு ஒருவர் சொல்லுறார்.

கேபிள்வேலை:
நேரா குடுக்கவே குடுக்காதேங்கோ. எங்கட வீடுகளில எர்த் எங்கட வளவுக் கம்பியிலதான் நிக்குது. சுண்ணாம்புக்கல்லு நிலத்தில அந்தக் கம்பி 50 ஓம் காட்டினால் அதுவே நல்லது. 230 வோல்ட்டை 50 ஆல பிரியுங்கோ: 4.6 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் அதுக்கு ஒருநாளும் விழாது. மோட்டர் உடம்பில கரண்ட் நிக்கும், ஆக்கள் குளிக்கிற கிணத்தடியில. ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான் அந்த இடத்தில உயிரைக் காக்குது.

பிரேக்கர் ஓஃபிலயும் விழுகுதெண்டால் நியூட்ரலைச் சந்தேகப்படுங்கோ. ஒத்தைப் போல் பிரேக்கர் லைனை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் கிணத்தடிவரைக்கும் தொடுப்பிலதான் கிடக்கும். சும்மா இருக்கேக்க நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில ஒரு வோல்ட்டும் இராது. குக்கர் போட்டால் நியூட்ரல் வயரிலயே வோல்ட் இறங்கி, அந்த வித்தியாசம் 2, 3 வோல்ட்டுக்கு ஏறும். நனைஞ்ச ஜொயின்ற்றுக்குள்ளால அது எர்த்துக்குக் கசியும். 30 எண்டு எழுதியிருந்தாலும் சுவிட்ச் 15க்கும் 30க்கும் இடையிலயே விழலாம்.

இப்ப செய்ய வேண்டியது: மெயினை ஓஃப் பண்ணி, போர்ட்டில மோட்டர் கேபிளின்ர மூண்டு கோரையும் கழட்டுங்கோ. நியூட்ரலையும் எர்த்தையும் அதுகள் பூட்டியிருக்கிற உலோகப் பாரிலயிருந்து எடுக்க மறக்காதேங்கோ. கிணத்தடியில மோட்டரையும் கழட்டிவிடுங்கோ. பிறகு 500 வோல்ட் மெகரால (வயர் உறையில கசிவு இருக்கோ எண்டு பாக்கிற மீற்றர்) லைன்–எர்த், நியூட்ரல்–எர்த், லைன்–நியூட்ரல் மூண்டையும் பாருங்கோ. 1 மெகாஓமுக்குக் கீழ வந்தால் கூடாது. மழை விட்ட கையோட பாருங்கோ, காஞ்ச பிறகு பாத்தால் நல்ல வயர் மாதிரித்தான் காட்டும்.

உரும்பிராய் வளவு:
வயரிங் செய்யிற அண்ணையைக் கூப்பிட்டுப் பாத்தம். லைன்–எர்த் 0.3 மெகாஓம். நியூட்ரல்–எர்த் மெகரில பூச்சியம். மல்டிமீற்றரில 90 ஓம் காட்டுது. மோட்டரைத் தனியப் பாத்தால் 50க்கு மேல, அது நல்லது.

கேபிள்வேலை:
கணக்குச் சரியா வருது. 3 வோல்ட்டை 90 ஓமால பிரிச்சால் 33 மில்லிஅம்பியர். பூவரசடி ஜொயின்ற்றை முதல் கிண்டுங்கோ. அதைப் பிரிச்சு ரெண்டு துண்டையும் தனித்தனியா மெகர் பண்ணினால் எந்தப் பக்கமெண்டு தெரியும். ரெண்டும் நல்லா இருந்தால் குற்றம் ஜொயின்ற்றிலதான்.

மெகர்500:
ஒண்டு சேர்த்துச் சொல்லுறன். மண்ணுக்குள்ள ரேப் சுத்தின ஜொயின்ற் எண்டது ஜொயின்ற்றே இல்லை. ரேப்பின்ர பசை ஈரத்தில விட்டுப்போகும், செம்பு பச்சை பிடிக்கும். கல்லில வெட்டின குழியில பைப் தொட்டி மாதிரி, மழைத்தண்ணி உள்ள போனால் வெளியேற வழியில்லை. ரெசின் ஊத்தின ஜொயின்ற்றால இந்த மாரியைச் சமாளிக்கலாம். ஆனால் சாதாரண பிவிசி வயரை மண்ணில விட்டுவைக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை. அலவாங்கு ஒருக்கா பட்டாலே போச்சு. கோடையில புது ஆர்மர் கேபிள் போடுங்கோ.

உரும்பிராய் வளவு:
ஜொயின்ற்றைப் பிரிச்சாச்சு. உள்ளுக்குத் தண்ணி, பச்சை. ரெண்டு துண்டும் 20 மெகாஓமுக்கு மேல. ரெசின் ஊத்துறம். கோடைக்கு என்ன சைஸ், எவ்வளவு வாங்கிறது?

மெகர்500:
3 கோர், 4 எம்எம், எக்ஸ்எல்பிஇ (சூடு தாங்கிற பிளாஸ்ரிக் உறை), இரும்புக்கம்பிக் கவசம் போட்டது. 1 எச்பி மோட்டர் ஓடேக்க 6 அம்பியர், துடங்கேக்க 30 மட்டில இழுக்கும். உங்கட 2.5 வயரில 65 மீற்றருக்கு அந்த நேரம் 35 வோல்ட் இறங்கும், மோட்டருக்கு 85 சதவீதம்தான் போய்ச்சேரும். முறுக்குவிசை வோல்ட்டின்ர வர்க்கத்தோட குறையுமெண்டபடியால் 72 சதவீதம்தான் மிஞ்சும். இரவில லைன் வோல்ட்டும் இறங்கினால் உறுமிக்கொண்டு நிக்கும், வைண்டிங் சுடும். 4 எம்எம்மில இறக்கம் 23 வோல்ட், ஓடேக்க 5க்கும் கீழ. ரெண்டு முனைக்கும் மிச்சம் விட்டு 72 மீற்றர் ஒரே துண்டா வாங்குங்கோ. நடுவில ஜொயின்ற் வேண்டாம்.

குழி 450 மில்லிமீற்றர், தோட்டம் கொத்திற இடமெண்டால் 600. வெட்ட ஏலாத கல்லு வந்தால் அந்த இடத்துக்கு மேல கொங்கிறீற் பலகை மூடுங்கோ. அடியில 75, கேபிளுக்கு மேல 75 மில்லிமீற்றர் மெல்லிய மணல். ஒரு அடி அகலத்துக்கு ஒரு கியூபுக்கு (100 கன அடி) கொஞ்சம் மேல போகும். மணற்காட்டுப் பக்கத்துக் கடற்கரை மணலெண்டால் வேண்டாம். கேபிளின்ர வெளித்தோல் எங்கயாவது கீறியிருந்தால் உப்பு கவசக்கம்பியைத் தின்னும். அரிச்ச செம்மண் அதைவிடத் திறம். வெட்டின கல்லைத் திருப்பி நேரா கேபிளில போடாதேங்கோ, கூர் குத்தும். எச்சரிக்கை ரேப்பை மேலிருந்து 150 மில்லிமீற்றரில விரியுங்கோ. வளைவு கேபிள் விட்டத்தின்ர 8 மடங்குக்குக் குறையக்கூடாது. மூடமுன்னமும் மூடினபிறகும் மெகர்.

உரும்பிராய் வளவு:
கவசக்கம்பியை ரெண்டு பக்கமும் எர்த் பண்ணோணுமோ? கிணத்தடியில தனிக் கம்பி அடிக்கோணுமோ?

கேபிள்வேலை:
போர்ட் பக்கம் கட்டாயம். கிணத்தடிப் பெட்டி பிளாஸ்ரிக் எண்டாலும் கிளாண்டின்ர (கேபிளைப் பெட்டியில இறுக்கிற பூட்டு) எர்த் வளையத்தை மூண்டாவது கோரோட சேர்த்துவிடுங்கோ. தனிக் கம்பி தேவையில்லை. வெளிக்குப் போடுறது சிடபிள்யூ எண்ட வகைக் கிளாண்ட், பெட்டியின்ர அடிப்பக்கத்தால ஏத்துங்கோ, மேலால ஏத்தினால் தண்ணி வழிஞ்சு உள்ள போகும். போர்ட்டில மோட்டருக்கு மட்டும் நியூட்ரலையும் வெட்டுற ரெட்டைப் போல் ஆர்சிபிஓ (பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும் ஒண்டாச் சேர்ந்தது). அதை வீட்டு ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால, மெயினிலயிருந்து எடுங்கோ. பின்னால போட்டால் ரெண்டும் சேர்ந்து விழும்.