பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குத் தோள்வலி: வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் தேவை

அப்பாவுக்கு 67 வயது. ஐந்து மாதம் முன்பு ஸ்ட்ரோக், இடது பக்கம் இழுத்துவிட்டது. கால் பரவாயில்லை, தடியோடு வாசல் வரை வருகிறார். தோள்தான் பாடாய்ப் படுத்துகிறது. மூட்டு ஒரு விரல் அளவு கீழே இறங்கியிருக்கிறது. தடவினால் பள்ளம் தெரியும். சட்டைக் கையை நுழைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. மாத்திரை, ஸ்லிங், ஒத்தடம் எல்லாம் ஆயிற்று. ஜன்னல் கம்பியில் கப்பி கட்டிக் கையைத் தலைக்கு மேலே இழுக்கச் சொன்னார் ஒருவர். இரண்டே வாரத்தில் வலி கூடிவிட்டது. இந்த மாதிரித் தோளுக்கு அது ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. எண்ணெய் உருவலைப் பாதியில் நிறுத்தியதில் அத்தைக்கு இன்னும் கோபம்.

புதுச்சேரியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் முதலில் தோள்பட்டை எலும்பைக் கையால் பிடித்து மெதுவாக நகர்த்திவிட்டு, அப்புறம்தான் கையைத் தூக்கினார். அன்று இரவு அப்பா நன்றாகத் தூங்கினார். ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வாரம் மூன்று நாள் பஸ்ஸில் கூட்டிப்போக முடியவில்லை.

ஸ்ட்ரோக் தோளுக்கு இப்படிக் கையால் சிகிச்சை செய்யத் தெரிந்து, கடலூரில் வீட்டுக்கே வருகிறவர் யாராவது இருக்கிறார்களா?