பொங்கோல் புல்வெளியில் பார்த்தது எந்த வேக்ஸ்பில்?

லாலாங்புல்:
ஞாயிறு காலை பொங்கோல் பக்கம் நடந்தபோது லாலாங் புல்லுக்குள் ஆறேழு குருவிகள். அலகு நல்ல சிவப்பு, கண் வழியாக ஒரு சிவப்புக் கோடு. சில்லையைவிடவும் சிறியவை, ஒன்று வந்து உட்கார்ந்தும் கதிர் கொஞ்சம்தான் வளைந்தது. தேடிப்பார்த்ததில் சாதாரண வேக்ஸ்பில், கருப்புப்பிட்ட வேக்ஸ்பில் என்று இரண்டு ஆப்பிரிக்கக் குருவிகள் வருகின்றன, படத்தில் எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

குருவிக்கூடு:
முகத்தைப் பார்க்காதீங்க தம்பி, அது இரண்டுக்கும் ஒன்றுதான். வாலைப் பாருங்கள். கருப்புப்பிட்டத்துக்கு வால் தொடங்கும் இடமும் வாலும் மையில் தோய்த்த மாதிரி கருப்பு, வாலின் ஓரத்தில் மட்டும் வெள்ளை, வாலுக்கு அடியில் வெளிறிய நிறம். சாதாரண வேக்ஸ்பில்லுக்கு நேர் எதிர்: மேலே எல்லாம் பழுப்பு, வாலடி கருப்பு. அப்புறம் இதன் உடம்பு முழுக்க மெல்லிய குறுக்குக்கோடுகள் அழுத்தமாகத் தெரியும், வாலும் நீளம். சிங்கப்பூரில் கூண்டிலிருந்து தப்பிப் புல்வெளிகளில் பெருகியது சாதாரண வேக்ஸ்பில், அதனால் நான் அதன் பக்கம்தான் சாய்வேன்.

மாலதி_அக்கா:
எங்கள் அப்பா முன்பு ஒரு ஜோடி கருப்புப்பிட்டம் வளர்த்தார். கடையில் அதைச் 'செங்காது வேக்ஸ்பில்' என்று சொல்லித்தான் விற்றார்கள், மற்றதைச் 'செயின்ட் ஹெலினா வேக்ஸ்பில்' என்பார்கள், குழப்பமே இந்தப் பெயர்களால்தான். வேக்ஸ்பில் என்ற பெயரே கடிதத்துக்கு முத்திரை வைக்கும் அரக்கு போலச் சிவந்த அலகால் வந்தது. குஞ்சுகளுக்கு அலகு கருப்பு, அதை வைத்து வேறு இனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சொந்த ஊரிலும் இரண்டும் வேறுவேறு: கருப்புப்பிட்டம் செனகல் தொடங்கி எத்தியோப்பியா வரை சஹாராவுக்குத் தெற்கே வறண்ட புல்வெளிப் பட்டையில், மற்றது ஆப்பிரிக்காவின் தெற்கு முனை வரை ஈரமான உயரப் புல்லில். நம் லாலாங்கும் அதற்குத் தோதுதானே. ஒரு வேண்டுகோள்: வளர்க்க முடியாத பறவையைத் திறந்துவிடவே கூடாது, 2020இல் திருத்திய வனவிலங்குச் சட்டத்தின்படி அது குற்றம்.

லாலாங்புல்:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒன்றில் குருவி தலைகீழாகத் தொங்குகிறது, வாலடி கன்னங்கரேல் என்றிருக்கிறது. சாதாரண வேக்ஸ்பில்தான். கூட்டத்தில் கருப்பு அலகோடு ஒன்றும் இருந்தது, அப்படியென்றால் அங்கேயே குஞ்சு பொரிக்கின்றன. அடுத்த ஞாயிறு தூரத்தில் நின்று கூட்டைத் தேடுகிறேன்.