மேல்கை எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சைக்குப் பின் கை உயரவில்லை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 63, சர்க்கரை நோய் உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மேல்கை எலும்பு தோள் மூட்டை ஒட்டி உடைந்தது. பிளேட்டும் திருகாணிகளும் வைத்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மூன்று மாதம் ஆகப்போகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது. கைதான் தோள் உயரத்துக்கு மேல் போக மறுக்கிறது.

சோறு பிசைந்து சாப்பிடுகிறார். கொண்டை போட முடியவில்லை. கை எட்டாததால் தலையைக் குனிந்து கொடுத்துப் பார்க்கிறார். பாதியிலேயே முகம் சுளித்து விட்டுவிடுகிறார். ரவிக்கை போட இன்னொருவர் வேண்டும். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களிக்கவும் முடியவில்லை.

குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களை மேலே நகர்த்துவது, கப்பிக் கயிறு எல்லாம் நடக்கின்றன. நாங்கள் பிடித்துத் தூக்கினாலும் கை அதே இடத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே முக்கியக் காரணம் மூட்டு இறுக்கம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். திருகாணி முனை மூட்டுக்குள் நீட்டியிருக்குமோ என்பதை மருத்துவரிடம் கேட்கவிருக்கிறேன்.

இதே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு என் கேள்வி: கை தலைக்கு மேல் போக எவ்வளவு காலம் ஆனது? ஆறு மாதத்துக்குப் பிறகும் முன்னேற்றம் இருந்ததா? இறுக்கத்துக்காக யாருக்காவது பிளேட்டை எடுத்தார்களா? பயிற்சிக்கு முன் வெந்நீர் ஒத்தடம் உதவியதா?

எண்ணெய்க் கட்டு, உருவிவிடுதல் பற்றிய யோசனைகள் மட்டும் வேண்டாம். சொந்தக்காரர்கள் தாராளமாகவே தந்துவிட்டார்கள். மதுரையில் வீட்டுக்கு வரும் பெண் பிசியோதெரபிஸ்ட் தெரிந்தால் உள்பெட்டியில் தெரிவியுங்கள்.