மறு: ‘சிட்-இன்’ போராட்டத்துக்குத் தமிழ்ச் சொல்

குழுவினருக்கு வணக்கம்.

தமிழில் நாம் தொகுக்கும் அமெரிக்கக் குடிமை உரிமைப் போராட்டக் காலவரிசையில் 1960-க்கு வந்து நிற்கிறோம். அந்த ஆண்டின் ‘சிட்-இன்’ போராட்டத்தை, அதாவது தங்களுக்கு மறுக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்து எழ மறுப்பதை, தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. (தலைப்பைக் ‘குடியுரிமை’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். 1868-இல் வந்த 14-ஆவது திருத்தமே கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையைத் தந்துவிட்டது. ஏட்டில் இருந்த அது கடையிலும் பேருந்திலும் வாக்குச்சாவடியிலும் செல்லுபடியாகாததால்தான் இவ்வளவு போராட்டமும்.)

> ‘உள்ளிருப்புப் போராட்டம்’ ஏற்கெனவே புழங்குகிறதே, புதுச்சொல் எதற்கு?

உள்ளிருப்பு என்றால் ஆலைக்குள் வேலையை நிறுத்திவிட்டு உட்காரும் தொழிலாளர், வளாகத்தை விட்டு நகர மறுக்கும் மாணவர் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அங்கே கோரிக்கை கூலியோ விடுதிச் சாப்பாடோ. உட்காருவது அதற்கான நெருக்கடி. அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் உட்காருவதே கோரிக்கை.

1960 பிப்ரவரி 1 மாலை. வட கரோலினாவின் அந்த ஊரில், வூல்வொர்த் கடைக்குள் நான்கு கறுப்பின முதலாமாண்டுக் கல்லூரி மாணவர்கள் போனார்கள்: எசெல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கேன், ஜோசஃப் மெக்நீல். முதலில் பற்பசை போன்ற சில்லறைச் சாமான் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். பிறகு வெள்ளையர் மட்டுமே உட்காரக்கூடிய உணவுக் கவுன்டரில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். தர மறுத்தார்கள். பக்கத்துக் கவுன்டரில் எங்கள் காசை வாங்கிக்கொண்ட கடை இங்கே மட்டும் ஏன் மறுக்கிறது என்று கேட்கத்தான் அந்த ரசீது. கடை மூடும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள், வாரக் கடைசிக்குள் நூற்றுக்கணக்கில். ஜூலை 25 அன்று கடை இறங்கிவந்தது. அன்று அந்தக் கவுன்டரில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பினத்தவர், அதே கடையில் வேலை பார்த்தவர்கள்.

ஆக, கடைக்குள் வரலாம், வாங்கலாம், நின்றபடி சாப்பிடலாம், உட்காரத்தான் கூடாது. அதனால் ‘நுழைவுப் போராட்டம்’ என்ற முன்மொழிவையும் ஏற்க முடியவில்லை. 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் நடந்ததற்கு அது கச்சிதமான பெயர், அங்கே தடை வாசலிலேயே இருந்தது. ‘மறியல்’ வேண்டவே வேண்டாம். யார் வழியையும் இவர்கள் மறிக்கவில்லை, வாடிக்கையாளராகக் காத்திருந்தார்கள்.

> சத்தியாகிரகம் என்றே சொல்லலாமே, காந்தி வழிதானே?

வழி அதுதான், ஐயா. அமெரிக்கக் கறுப்பினப் போதகர் ஜேம்ஸ் லாசன் 1950-களில் நாகபுரியில் தங்கிக் காந்தியின் முறைகளைக் கற்றவர். ஊர் திரும்பியபின் நாஷ்வில் மாணவர்களுக்கு ஒத்திகையே நடத்தினார்: சிலர் வெள்ளையர் கும்பலாக நடித்து ஏசுவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள், மற்றவர்கள் திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருக்கப் பழகவேண்டும். ஆனால் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பும் சத்தியாகிரகம்தான், செல்மா நடைப்பயணமும் சத்தியாகிரகம்தான். வகைக்குத் தனிப்பெயர் தேவை.

என் பரிந்துரை ‘அமர்வுப் போராட்டம்’. மாநாட்டு அமர்வு, நீதிமன்ற அமர்வு என்பவற்றோடு குழம்பும் என்று நம் குழுவின் அம்மையார் ஒருவர் எழுதியது நியாயமான கவலை. ‘போராட்டம்’ ஒட்டியே வருவதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன். ‘இருக்கைப் போராட்டம்’ என்றால் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டுவது போல் ஒலிக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு: மறுக்கப்பட்ட செயலின் பெயரையே முன்னே வைத்தால் இந்தக் குடும்பம் முழுவதற்கும் சொல் கிடைத்துவிடும். 1939 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியா நூலகத்தில் ஐந்து இளைஞர்கள் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுத்ததும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து, தனித்தனி மேசையில் உட்கார்ந்து படித்தார்கள், கைதானார்கள். திட்டமிட்டவர் சாமுவேல் டக்கர் என்ற கறுப்பின வழக்கறிஞர். இது ‘வாசிப்புப் போராட்டம்’. மிசிசிப்பியின் பிலாக்சி கடற்கரையில் மருத்துவர் கில்பர்ட் மேசன் தலைமையில் கடலில் இறங்கி அடிவாங்கியது ‘நீராட்டுப் போராட்டம்’. வெள்ளையர் தேவாலயங்களில் போய் மண்டியிட்டது ‘வழிபாட்டுப் போராட்டம்’. உணவகம், விடுதி, திரையரங்கு போன்ற இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை விளக்கும்போது இச்சொற்கள் வரிசையாக உதவும்.

மறுப்பு இல்லையென்றால் 1960-ஆம் ஆண்டுப் பதிவை இப்படியே ஏற்றிவிடுகிறேன். அடுத்தது 1961, ‘ஃபிரீடம் ரைடு’: கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து தென்மாநிலங்களுக்குப் பேருந்தில் போன போராட்டம். ‘விடுதலைப் பயணம்’ என்று எழுத எனக்குத் தயக்கம். தமிழ் விவிலியத்தில் அது மோசேயின் நூலுக்குப் பெயர். அந்தச் சாயல் இருக்கட்டுமா, ‘சமவுரிமைப் பேருந்துப் பயணம்’ என்று விரித்துச் சொல்லலாமா?