சைட்மவுண்டுக்கு மாறியவர்களே, முதல் சில டைவ்களில் என்ன பாடுபட்டீர்கள்?

ஸ்கூபா டைவிங்கில், முதுகில் ஒற்றைச் சிலிண்டரோடு 200 டைவுக்கு மேல் போனவன் நான். போன மாதம்தான் சைட்மவுண்ட் கோர்ஸ் முடித்தேன், இதுவரை அதில் 9 டைவ். முதல் நான்கைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். வீடியோவில் பார்க்கிற ஆட்கள் எல்லாம் விரால் மீன் மாதிரி அலுங்காமல் குலுங்காமல் போகிறார்கள், எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சைட்மவுண்டில் காற்றுச் சிலிண்டர் முதுகில் இருக்காது. உடம்பின் இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து தொடைவரை ஒட்டிப் படுத்திருக்கும். மேல்பக்கம் பங்கீ என்கிற எலாஸ்டிக் கயிறு முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து வால்வைப் பிடித்து அக்குளோடு இழுத்து வைக்கும். அடிப்பக்கம் சிலிண்டரைச் சுற்றி ஒரு பட்டை, அதில் கட்டிய போல்ட் ஸ்னாப் கொக்கி இடுப்பில் இருக்கும் டி-ரிங் என்கிற வளையத்தில் மாட்டும். பிடிப்பு இந்த இரண்டே இடம்தான். அதனாலேயே ஒரு விரற்கடை பிசகினாலும் சிலிண்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் நாள் பயிற்சியாளர் என்னைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. மூன்று மணி நேரம் தரையில் நிற்கவைத்து வாரை இழுப்பதும், முடிச்சை அவிழ்ப்பதும், மறுபடி போடுவதுமாக இருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "போதும், மிச்சத்தைத் தண்ணீரில் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். சிரித்துவிட்டு, "சரி, வாங்க" என்றார்.

மறுநாள் தண்ணீரில் இறங்கின ஐந்தாவது நிமிடம் புரிந்தது. ஓடுகிற மாட்டுக்குக் கழுத்தில் கட்டை கட்டுவார்களே, அதே கதி. இடது சிலிண்டரின் தலை நெஞ்சுக்குக் கீழே தொங்குகிறது, அடிப்பக்கம் காலுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது, நான் நடுவில் துழாவுகிறேன். பங்கீ தளர்வு, அவ்வளவுதான் காரணம். கரைக்கு வந்து முடிச்சை இரண்டு அங்குலம் உள்ளே தள்ளிப் போட்டார். அடுத்த முறை இறங்கும்போது வால்வு அக்குளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முந்தின நாள் மூன்று மணி நேரம் அவர் தேடிக்கொண்டிருந்தது அந்த இரண்டு அங்குலத்தைத்தான்.

அடுத்தது அலுமினியம் சிலிண்டரின் குணம். 11 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தம் வரை நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்று மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். ஆரம்பத்தில் லேசாக மூழ்கும், காற்றைக் குடிக்கக் குடிக்க அடிப்பக்கம் மேலே எழும்பிக்கொண்டே வரும். டைவின் பின்பாதியில் கொக்கியைப் பின் வளையத்திலிருந்து எடுத்து இடுப்பின் முன்பக்க டி-ரிங்குக்கு மாற்றினால் மறுபடி உடம்போடு ஒட்டும். இதை எனக்குச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள், தண்ணீருக்குள் ஞாபகம் வந்தால்தானே! ஸ்டீல் சிலிண்டர் காலியானாலும் பெரும்பாலும் மிதக்காது என்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு.

நான்காவது டைவில் நடந்ததுதான் உச்சம். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே குழாய் இணைப்பு எதுவும் கிடையாது, நாமேதான் வாயில் வைக்கும் ரெகுலேட்டரை மாற்றி மாற்றி மூச்சு இழுக்க வேண்டும். 30 பார் குறைந்ததும் மாற்று என்பது எனக்குச் சொன்ன கணக்கு. நான் ஒரு ஆமையின் பின்னால் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் உடம்பு வலப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. நீரோட்டம்தான் தள்ளுகிறது என்று எண்ணி எதிர்த்து எதிர்த்து உதைத்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் இருந்தவரோ அசையாமல் மிதக்கிறார். அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தால் இடது 90, வலது 190! ஒரு பக்கம் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் கனம் கூடிப்போயிருக்கிறது, அதோடு நான் நீரோட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்களுக்கு எத்தனையாவது டைவில் கைக்கு வந்தது? மறைக்காமல் சொல்லுங்கள்.

* * *

நான் முதுகு டிஸ்க் தேய்ந்து போனதால் மாறியவன். இரட்டைச் சிலிண்டரை முதுகில் தூக்கிக்கொண்டு ஏணி ஏறுவதை மருத்துவர் தடுத்துவிட்டார். இப்போது ஹார்னஸ் என்கிற வார்ப்பட்டை மட்டும் போட்டுக்கொண்டு குதிக்கிறேன், சிலிண்டரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கித் தருவார்கள், தண்ணீரிலேயே மாட்டிக்கொள்கிறேன். அடிக்கொக்கி முதலில், அப்புறம் பங்கீ. ஏறும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்து, கழற்றி மேலே கொடுத்துவிடுவேன்.

சொல்லக் கேட்க நன்றாக இருக்கும். அலை இருக்கிற நாளில் அந்த வால்வு வந்து தாடையில் இடிக்கும் பாருங்கள், பல் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். படகில் உதவிக்கு நிற்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருமுறை ஒரு தம்பி நல்ல மனதோடு ஓடிவந்து என் சிலிண்டரை ஹோஸை, அதாவது காற்றுக் குழாயைப் பிடித்துத் தூக்கிவிட்டார். வால்வின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? நானும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு டைவ் கிடையாது.

எனக்குக் கைக்கு வர 15 டைவ் ஆனது. ஆமை எதுவும் காரணமில்லை, சோம்பல்தான்.

* * *

கேஜ் என்றதும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது. கோர்ஸ் முடிந்து சான்றிதழ் வாங்கின பிறகு நடந்தது இது, அதுதான் கூடுதல் அவமானம்.

காலையில் கிட்டைப் பூட்டி இரண்டு வால்வையும் திறந்து அழுத்தம் பார்த்தேன். இரண்டும் 200. இடத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், கசிந்துவிடக் கூடாது என்று மூடி வைத்தேன். வால்வை மூடினாலும் ஹோஸுக்குள் இருக்கிற அழுத்தம் அப்படியேதான் நிற்கும், கேஜும் 200 என்றே காட்டிக்கொண்டிருக்கும். இறங்கும் அவசரத்தில் இடது வால்வைத் திறந்தேன், வலதைத் திறந்ததாக நினைத்துக்கொண்டேன்.

14 மீட்டரில் முதல் முறையாக வலது ரெகுலேட்டருக்கு மாறினேன். முதல் மூச்சு நன்றாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் கெட்டியாக வந்தது. மூன்றாவது இழுக்கிறேன், உள்ளே ஒன்றுமில்லை, வாயில் ரப்பரைக் கவ்விக்கொண்டு சுவரை உறிஞ்சுகிற மாதிரி. கையில் பிடித்திருந்த கேஜில் முள் 200 இல் இருந்து பூஜ்யத்துக்கு விழுந்து கிடக்கிறது.

இடது ரெகுலேட்டர் கழுத்துக் கயிற்றில் தாடைக்குக் கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் அதை வாயில் வைக்க இரண்டு நொடி. ஆபத்து அதோடு முடிந்தது. ஆனால் அதற்கப்புறம் வலது வால்வைத் திறக்கக் கை போனபோது எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. முழுக்க மூடியிருக்கிற வால்வை மேலும் மூடப் பார்த்துக்கொண்டிருந்தேன். வால்வு கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது, எட்டுகிறது, பார்க்க முடிகிறது, சைட்மவுண்டின் பெரிய லாபமே அதுதான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இப்போது குதிப்பதற்கு முன் இரண்டு ரெகுலேட்டரிலும் நாலு நாலு மூச்சு, கண் கேஜிலேயே இருக்க வேண்டும். முள் விழுந்தால் வால்வு மூடியிருக்கிறது, ஆடினால் முழுக்கத் திறக்கவில்லை என்று அர்த்தம். வெறும் கேஜைப் பார்ப்பது பரிசோதனை ஆகாது.

* * *

எல்லாரும் புகழ்கிற இடத்தில் ஒரு கசப்பு மாத்திரை. நான் 30 டைவ் செய்துவிட்டுத் திரும்ப பேக்மவுண்டுக்கே, அதாவது முதுகுச் சிலிண்டருக்கே வந்துவிட்டேன்.

இந்த முறை எதற்காக வந்தது என்று யோசியுங்கள். 1960களில் பிரிட்டனில் குகைக்குள் தவழ்ந்து போகிறவர்கள், வழியில் தண்ணீர் நிறைந்து அடைத்துக்கொண்ட இடத்தைத் தாண்டுவதற்காகச் சிலிண்டரை இடுப்புப் பக்கம் கட்டிக்கொண்டார்கள். முதுகில் இருந்தால் பொந்துக்குள் நுழைய முடியாது. அவர்களுக்கு நீந்துவது பெரிய விஷயமே இல்லை, தவழத்தான் வேண்டியிருந்தது. பின்னால் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நீளமாக நீந்த வேண்டிய குகைகளுக்கு ஏற்ற மாதிரி அதை அக்குளோடு ஒட்டி அமைத்தார்கள். நான் போவதோ 18 மீட்டர் பவளப்பாறை, 45 நிமிடம். அதற்கு இரண்டு சிலிண்டர், வால்வில் மாட்டும் முதல் நிலை ரெகுலேட்டர் இரண்டு, இரண்டு கேஜ், நாலு கொக்கி! கரையிலிருந்து அலைக்குள் நடந்து போகிற இடத்தில் இரண்டு சிலிண்டரை இடுப்பில் ஆட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சைட்மவுண்ட் கோர்ஸ் வேறு, குகை கோர்ஸ் வேறு. உடம்பு ஒல்லியாகிவிட்டது என்பதற்காக ஓட்டை கண்ட இடமெல்லாம் தலையை விடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். குகைக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு காற்று செலவானதுமே திரும்பிவிடுவதும், கையில் வழிக்கயிறு இல்லாமல் உள்ளே போகாததும் வேடிக்கைக்காக இல்லை.

* * *

நான் சைட்மவுண்ட், எங்கள் வீட்டுக்காரர் பேக்மவுண்ட். இருவரும் ஜோடியாகத்தான் போவோம். இப்படிக் கலந்து போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

என் வலது சிலிண்டரில் இருப்பது நீள ஹோஸ், ஏறக்குறைய 2 மீட்டர். காற்று இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டியது அதுதான். நான் இடது பக்கம் மூச்சு இழுக்கும்போது அந்த நீள ஹோஸ் ரெகுலேட்டர் வலது தோள் டி-ரிங்கில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். ஒருநாள் 6 மீட்டரில் பயிற்சிக்காக, "காற்று இல்லை" என்று அவர் கழுத்தை வெட்டுகிற சைகை காட்டினார். காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பேக்மவுண்ட் பழக்கத்தில் என் நெஞ்சில் உபரி மஞ்சள் ரெகுலேட்டரைத் தேடுகிறார், இல்லை. வாயில் இருப்பதைப் பிடுங்குகிறார், அது கழுத்துக் கயிற்றில் கட்டியிருக்கிறது, வருமா? என் தலையும் சேர்ந்து அவர் பக்கம் போகிறது. நானோ கையுறை போட்ட விரலால் கொக்கியின் அந்தச் சின்னக் குமிழைத் தடவிக்கொண்டிருக்கிறேன். 20 நொடிக்குக் குறையாது. உண்மையாகவே காற்று தீர்ந்த மனிதருக்கு 20 நொடி எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று இரவே கொக்கியை ஹோஸோடு கட்டியிருந்த நூலை அறுத்துவிட்டு மெல்லிய ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் போட்டேன். பலமாக இழுத்தால் அது அறுந்து ரெகுலேட்டர் கையோடு வந்துவிடும். இப்போது ஒவ்வொரு டைவுக்கு முன்னாலும் அவர் கையைப் பிடித்து அந்த ரெகுலேட்டர் மேல் வைத்து, "இங்கேதான், இழுங்க" என்று காட்டிவிட்டுத்தான் இறங்குவேன். மனிதர் சலித்துக்கொள்வார், சலித்துக்கொள்ளட்டும்.

* * *

கேள்வி கேட்டவன் திரும்ப வந்திருக்கிறேன். பேக்மவுண்டுக்குத் திரும்பிய நண்பரே, அலைக் கரை விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை, நான் முழங்காலளவு தண்ணீரில் ஒருமுறை உட்கார்ந்தே விட்டேன். ஆனால் தண்ணீருக்குள் சரியாக உட்கார்ந்துவிட்ட பிறகு முதுகில் ஒன்றுமே இல்லாமல் மிதக்கிற அந்தச் சுகம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு 20 டைவ் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.

மூடிய வால்வுக் கதையைப் படித்துவிட்டு நேற்று நாலு மூச்சு இழுத்துப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது, இருந்தாலும் வியர்த்தது. 10ஆவது டைவ் பரவாயில்லை, இடது 110, வலது 120 என்று ஏறினேன். ஆமை வந்தது, நான் போகவில்லை.

பங்கீ முடிச்சு இருக்கிற இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்து, அப்பாடா முடிந்தது என்று இருந்தேன். இந்த வாரம் தண்ணீர் குளிர்ந்துவிட்டது, 3 மில்லிமீட்டர் தடிமன் டைவ் உடையை எடுத்து வைத்துவிட்டு 5 மில்லிமீட்டரைப் போட்டால் மார்பு சுற்றளவே மாறிவிட்டது, ஹார்னஸ் இறுக்குகிறது, கோடு இப்போது எதற்கும் உதவாது. நாளைக் காலை மறுபடி தரையில் நின்று முடிச்சை அவிழ்க்க வேண்டும். இந்த முறை அவசரப்படுத்தப் போவதில்லை என்று பயிற்சியாளருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன், ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் பதிலாக வந்திருக்கிறது.