மடவை மீன் தலை வேண்டும் (உப்பனாறு, வெள்ளாறு)

வணக்கம். நான் கடலூர் முதுநகர். முதுகலை ஆய்வுக்காக மடவையின் காதுக்கற்களைச் சேர்த்து வருகிறேன். மண்டையைப் பிளந்தால் மூளைக்கு அடியில் இரு பக்கமும் அரிசிக் குருணை போல வெள்ளையாக இருக்கும். மீன் வளர வளர வெங்காயம் போல அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு படிந்து உருவாகும் கல் அது. படிந்தது பிறகு மாறாது. அதனால் மீன் எந்தத் தண்ணீரில் இருந்ததோ அதன் அடையாளம் அந்த அடுக்கிலேயே தங்கிவிடும். பொதுவாக, கடலில் இருந்த காலத்து அடுக்கில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் கூடுதல், ஆற்று நீரில் இருந்த காலத்து அடுக்கில் பேரியம் என்ற தனிமம் கூடுதல். ஒரு மீனின் பயணமே அந்தக் குருணைக்குள் இருக்கிறது!

சந்தையில் வாங்கினால் எங்கே பிடித்ததென்று தெரிவதில்லை, கூடையில் எல்லாம் கலந்துவிடுகிறது. உப்பனாற்றிலும் பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்திலும் வலை போடும் அண்ணன்மார் யாரையாவது தெரியுமா? தலை மட்டும் போதும், முழு மீனுக்கே விலை தந்துவிடுகிறேன். பிடித்த இடமும் தேதியும் முக்கியம். ஐஸில் வைத்தால் போதும், ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். அது கல்லை அரித்துவிடும். போன மாதம் எட்டு ஜோடி அப்படித்தான் வீணாயின.

அப்புறம், கல்லை லேசரால் சுரண்டி அதிலுள்ள தனிமங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியை வெளி மாணவர்களுக்கும் தரும் ஆய்வகம் தெரிந்தால் சொல்லுங்கள்.