இது எந்த ராக்கெட் ஏவி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

படத்தில் இருப்பது சோவியத் காலத்துச் சிறிய போர்க்கப்பல், பெயர் அழிந்துவிட்டது. கப்பலை ஓட்டும் அறைக்கு முன்னால் இரண்டு ராக்கெட் ஏவிகள் தெரிகின்றன. நீர்மூழ்கி எதிர்ப்பு வகை என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் ஆர்பியூ-6000 (ஆர்பியூ என்பது சோவியத் நீர்மூழ்கி எதிர்ப்பு ராக்கெட் ஏவி வரிசை) என்று நினைத்தேன். ஆனால் அதில் 12 குழாய்கள் குதிரை லாடம் போல வளைந்து நிற்கும். இதில் இரண்டு நேர் வரிசைகள். அப்படியானால் 16 குழாய் ஆர்பியூ-2500 ஆக இருக்கலாம், பெத்யா வகைக் கப்பல்களில் அது உண்டு. சிக்கல் என்னவென்றால், பாதியைத் தார்ப்பாய் மூடியிருக்கிறது, எண்ண முடியவில்லை. 5 குழாய் ஆர்பியூ-1200 ஆகவும் இருக்குமோ? அது எஸ்ஓ-1 ரோந்துக் கப்பல்களில் வந்தது.

அப்புறம், குழாய் எண்ணிக்கை தவிர வேறு எதை வைத்து இவற்றைப் பிரித்தறிவீர்கள்? பீடத்தின் வடிவமா? பக்கவாட்டில் எடுத்த தெளிவான படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.